மூணு பாரும் ஒரு நட்டும்

செமஸ்டர் லீவுல பொட்டிபுரத்து வீட்டு வாசல்ல உட்கார்ந்து போன் பேசிக்கிட்டு இருந்தேன்.

"மூணு பார் போதும் மச்சி. நாலு வேண்டாம், தாங்காது. போன தடவை மூணரைக்கே என்னாச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?"

உள்ளே அரிசி புடைச்சுக்கிட்டிருந்த அம்மா முறத்தோட வெளியே வந்துச்சு. "ஏண்டா... காலேஜுக்குப் படிக்கத்தானே அனுப்புனோம்? ஒரே நாள்ல மூணு பாருக்குப் போறியா?"

சத்தியமா சொல்றேன், நான் பேசினது டாஸ்மாக் சமாச்சாரம் இல்லை. பெட்ரோல் சமாச்சாரம். ரேஸ் கார்ல இன்ஜெக்டருக்குப் போற பெட்ரோலின் அழுத்தம். அதை அளக்கும் கணக்குக்குப் பேருதான் பார். அம்மாவுக்கு இதை விளக்கி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு.

பொட்டிபுரம்னு சொன்னதும் "ஓ... நியூட்ரினோ ஊரா?"ன்னு கேப்பீங்க. அதேதான். 2015 ஜனவரியில மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, அப்புறம் போராட்டம், வழக்குன்னு பேப்பர்ல எல்லாம் வந்த அதே ஊர். மத்தபடி எங்க பக்கம் வண்டின்னா ஜீப்புதான். விடியக் காலையில போடியில இருந்து ஆள் ஏத்திக்கிட்டு, போடிமெட்டு வளைவெல்லாம் ஏறி, கேரளா பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போற ஜீப். எங்கப்பாவும் அதுலதான் போவாரு. தோட்டத்துல தண்ணி கட்டுற வேலை. அந்த வீட்டுப் பையன் கோவைப் பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் சேர்ந்து, அங்க ஸ்டூடண்ட் ஃபார்முலா டீம்ல நுழைஞ்சதுதான் கதை. கதையோட வில்லன் ஒரு சின்ன நட்டு. இல்லை, வில்லன் நான்தான். அதுக்கு வர்றேன்.

கையளவு டப்பா

ஸ்டூடண்ட் ஃபார்முலான்னா மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் அடிச்சு, ஓட்டிக் காட்டுற ஒத்தை சீட்டு ரேஸ் கார். எஞ்சின் 710 சிசிக்கு மேல போகக் கூடாது. பெட்ரோல் வண்டின்னா எஞ்சினுக்குப் போற காற்று மொத்தமும் 20 மில்லிமீட்டர் துளை வழியாத்தான் போகணும். நம்ம கட்டைவிரல் நுழையற ஓட்டை, அவ்வளவுதான். பல டீம்கள் மாதிரி நாங்களும் கேடிஎம் 390 ட்யூக்கோட 373 சிசி சிங்கிள் சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கிட்டோம்.

பைக்குன்னா பெட்ரோல் டேங்குக்குள்ளயே பம்ப், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே செட்டா இருக்கும். நாங்க டேங்கையே புதுசா அடிக்கிறோம். பம்ப்பும் வெளியே, ரெகுலேட்டரும் வெளியே. "ஃபியூவல் டிபார்ட்மென்ட் யாருக்கு?"ன்னு கேப்டன் கேட்டப்ப, மத்தவங்க எல்லாம் சஸ்பென்ஷன், ஸ்டியரிங்னு பிடிச்சுட்டாங்க. மிச்சமிருந்தது அதுதான். கை தூக்கினேன். ஒரு கையளவு அலுமினிய டப்பாவைக் கொடுத்து, "இதை மாட்டு"ன்னாங்க.

அந்த டப்பாதான் ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அதுக்கு மேல ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அழுத்த ஒரு ஸ்க்ரூ. பம்ப் எப்பவும் தேவைக்கு அதிகமாத்தான் பெட்ரோல் தள்ளும். அழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சினா சவ்வு தூக்கும், வழி திறக்கும், மிச்ச பெட்ரோல் ரிட்டர்ன் ஹோஸ் வழியா டேங்குக்கே திரும்பிப் போகும். குக்கர் வெயிட் பண்ற அதே வேலைதான். என்ன, குக்கர் விசில் அடிக்கும், இது அமைதியா செய்யும்.

போனில் அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவருக்கு அரை நிமிஷத்துல புரிஞ்சிடுச்சு. "நம்ம ஓஸ் மாதிரிதான்டா தம்பி"ன்னாரு.

ஏலத்தோட்டம் பார்த்தவங்களுக்குத் தெரியும். மேட்டுல தொட்டி, சரிவு முழுக்க செடி. கோடையில கறுப்பு ஓஸ் போட்டு தண்ணி இறக்குவாங்க. மேல இருக்கிற செடிக்குத் தண்ணி சொட்டும், கீழே போகப் போக ஓஸ் வெடிக்கும். நூறு அடி இறக்கத்துக்குக் கிட்டத்தட்ட மூணு பார் அழுத்தம் ஏறிடும். அதனால அப்பா பாதி வழியில ஒரு டிரம் வைப்பாரு. மேலத் தண்ணி டிரம்முல விழுந்து, வேகம் செத்து, அங்க இருந்து புதுசா இறங்கும். டிரம் நிறைஞ்சு வழியறது ஓடையில சேரும். நாலு வருஷம் படிச்சு நான் கத்துக்கிறதை, எட்டாவதோட நின்ன மனுஷன் மண்வெட்டியோட செஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு!

கார்புரேட்டர் காலத்துல இவ்வளவு பாடு கிடையாது. எங்க பக்கத்து செட்டிபாளையத்துல இருக்கிற 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே யார் பேர்ல இருக்குன்னு தெரியுமா? 1995-ல விமான விபத்துல இறந்த கோவைக்காரர் கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை வெச்சு இந்தியாவுக்குன்னு ஒத்தை சீட்டு ரேஸ் கார் கட்டினவர். 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்துல ஓட்டினது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். அந்த மாதிரி கார்புரேட்டர் எஞ்சினுக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவையில்லை. குட்டித் தொட்டி மாதிரி கிண்ணத்துல பெட்ரோல் நிறைஞ்சா போதும், காற்றே உறிஞ்சிக்கும். இன்ஜெக்டருக்கு அது ஆகாது. 2014-ல வந்த எஃப் ஒன் டர்போ எஞ்சின்களுக்கு விதி அனுமதிச்ச உச்சம் 500 பார்! நமக்கு மூணு போதும். ஆனா அந்த மூணு ஆடக் கூடாது.

ஏன்னா கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியூவுக்கு, பெட்ரோல் எவ்வளவு போச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது. அது இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திறந்து மூடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். பின்னாடி மூணு பார் இருக்குன்னு நம்பித்தான் அந்தக் கணக்கைப் போடுது. நம்பிக்கை பொய்யாயிட்டா கணக்கும் பொய்.

முதல் சொதப்பல்

மாட்டும்போது சீனியர்கள் சொன்னதை எல்லாம் டைரியில எழுதி வெச்சேன். எஞ்சின் மேல மாட்டாதே, சூடும் அதிர்வும் ஆகாது, சேசிஸ்ல தனி பிராக்கெட் போடு. சைலன்சர் பக்கம் போகாதே. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் ரயில், அதுக்கு அப்புறம்தான் ரெகுலேட்டர், அங்கிருந்து டேங்க். இந்த வரிசை மாறாதே. ரிட்டர்ன் ஹோஸைச் சின்னதாப் போடாதே, போற வழி குறுகினா ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் பிரஷர் இறங்காது. மரையில டெஃப்லான் டேப் சுத்தாதே, பிசிறு போய் இன்ஜெக்டரை அடைக்கும், ஓ-ரிங்கை நம்பு. பம்ப் போடும்போது பக்கத்துல ஒருத்தன் தீயணைப்பானோட நிக்கணும்.

எல்லாம் செஞ்சேன். கடைசியா ரெகுலேட்டர் தலையில இருந்த குட்டிக் குழாயை, த்ராட்டிலுக்கு அப்புறம் வர்ற மேனிஃபோல்டோட மெல்லிசு ஹோஸ்ல இணைச்சேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆச்சு! எல்லாரும் விசில். கேஜைப் பார்த்தேன். சிங்கிள் சிலிண்டராச்சே, முள்ளு கரகாட்டம் ஆடுது. ஆனாலும் நடுவுல 2.5-ன்னு தெரியுது. "ஐயையோ, அரை பார் குறையுதே"ன்னு ஆலன் கீ எடுத்து, ஐடிலிங்ல ஓடும்போதே ஸ்க்ரூவைத் திருகி மூணுக்குக் கொண்டு வந்துட்டேன்.

அடுத்த மூணு நாள் ட்யூனிங் பையன் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சான். எங்க பார்த்தாலும் பெட்ரோல் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் கூடுதல். கறுப்புப் புகை. ஸ்பார்க் பிளக் கரி. நான் பண்ணின கூத்து நாலாவது நாள்தான் தெரிஞ்சது.

விஷயம் இதுதான். ஐடிலிங்ல த்ராட்டில் மூடியிருக்கும், எஞ்சின் காத்துக்கு ஏங்கும், மேனிஃபோல்டுக்குள்ள வெற்றிடம். இன்ஜெக்டரோட ஒரு பக்கம் பெட்ரோல் தள்ளுது, இன்னொரு பக்கம் வெற்றிடம் இழுக்குது. பின்னாடி அழுத்தத்தைக் கொஞ்சம் குறைச்சாத்தான் வெளியே வர்ற அளவு சரியா இருக்கும். அந்தக் குட்டிக் குழாய் செய்யறது அதைத்தான். இன்ஜெக்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற வித்தியாசத்தை எப்பவும் மூணாவே வெச்சிருக்கும். 2.5 காட்டினது குறை இல்லை, அதுதான் சரி! சரியா வேலை செஞ்சதை நான் "சரி" பண்ணிட்டேன்.

முறை என்னன்னா, எஞ்சின் ஓடக் கூடாது, பம்ப் மட்டும் ஓடணும். குட்டிக் குழாயைக் கழட்டி விட்டுட்டு மூணு வைக்கணும். ஸ்க்ரூ நகராம ஆலன் கீயால பிடிச்சுக்கிட்டு, லாக் நட்டை ஸ்பேனரால இறுக்கணும். இறுக்கும்போது முள்ளு லேசா நகரும், மறுபடி பார்க்கணும். அப்புறம்தான் குழாயை மாட்டணும். அது மாட்டுற இடத்துல ஊசித் துளை வெச்ச ஒரு குட்டி அடைப்பைச் செருகினா முள்ளோட கரகாட்டமும் குறையும்.

இந்தச் சொதப்பலை டீம் மொத்தமும் சிரிச்சே தீர்த்தது. "மூணரை மாமா"ன்னு பட்டப்பேர் வெச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்க முடியாத சொதப்பல் இனிமேதான்.

அரை நிமிஷ வேலை

போட்டி. காலையில டில்ட் டெஸ்ட். வண்டியை மேடையில ஏத்தி 60 டிகிரி சாய்ப்பாங்க, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. எங்க வண்டி ஒழுகிச்சு. ரெகுலேட்டரோட ரிட்டர்ன் பக்கம் ஓ-ரிங் நசுங்கியிருந்தது. "ஓரமா போய் சரி பண்ணிட்டு வாங்க"ன்னாங்க. ஓ-ரிங் மாத்தினோம், பழைய ஹோஸையும் தூக்கிப் போட்டுட்டு கொஞ்சம் அகலமா புதுசு மாட்டினோம். பம்ப்பைப் போட்டா 2.8. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருகி, மூணு வெச்சேன். நட்டைக் கையால சுத்தி விட்டேன். ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன்...

"டேய், நம்ம நம்பர் கூப்பிட்டாச்சு! தள்ளு தள்ளு!"

தள்ளினேன். டில்ட் பாஸ். நாய்ஸ் பாஸ். பிரேக் பாஸ். எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். நட்டு கையால சுத்தினபடியே இருந்தது.

எண்டூரன்ஸ்தான் எல்லாப் போட்டியிலும் பெரிசு. சுமார் 22 கிலோமீட்டர், நடுவுல டிரைவர் மாறணும். எஞ்சினை அணைச்சு, ஆள் மாத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். பாதி தூரம் ஓட்டிட்டு இறங்கின டிரைவர் சொன்ன முதல் வார்த்தை, "இழுக்கலடா. இருமுது." எனக்கு அடிவயித்துல சுரீர்னுச்சு. ரெண்டாவது டிரைவர் ஏறினார். பட்டனை அழுத்தினார். சுத்துது, சுத்துது, பிடிக்கலை. மறுபடி. மறுபடி. பேட்டரி செத்தது. கொடி காட்டி வண்டியை ஓரம் கட்டினாங்க.

இப்ப எனக்குத் தெளிவாத் தெரியுது. சிங்கிள் சிலிண்டர் அதிர்வுல ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி வந்திருக்கு. ஸ்பிரிங் தளர்ந்து, பிரஷர் இறங்கி, பெட்ரோல் குறைஞ்சு, எஞ்சின் சூடேறியிருக்கு. அணைச்சதும் அந்த மொத்தச் சூடும் இன்ஜெக்டர் ரயிலுக்கு ஏறியிருக்கு. குக்கர்ல தண்ணி நூறு டிகிரியிலயும் கொதிக்காம நிக்கிறது அழுத்தத்தாலதான். அழுத்தம் குறைஞ்ச சூடான பெட்ரோல் ஆவியாயிடும். இன்ஜெக்டர் திறந்தா வந்தது பெட்ரோல் இல்லை, வெறும் ஆவி.

சாயங்காலம் வண்டியை லாரியில கட்டும்போது பேனலைத் திறந்து பார்த்தேன். லாக் நட்டு தொட்டாலே சுத்துச்சு. சுத்திலும் பார்த்தேன். யாரும் பார்க்கலை. ஸ்பேனரை எடுத்து இறுக்கிட்டு பேனலை மூடினேன்.

ஆமாம். அதைத்தான் செஞ்சேன்.

ரெண்டு நாள்

எங்க வயரிங் அண்ணனுக்கு அது ஃபைனல் இயர். கடைசிப் போட்டி. ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் பேட்டரி சார்ஜ் போட்டு பம்ப்பை ஓட விட்டார். கேஜ் 1.7-ல நின்னது. "பம்ப்புக்கு வோல்டேஜ் பத்தலை. என் வயரிங்லதான் எங்கயோ தப்பு"ன்னு அவரே முடிவு பண்ணிட்டார். நட்டு இறுக்கமா இருந்ததால ரெகுலேட்டர் மேல அவருக்குச் சந்தேகமே வரலை. இறுக்கி வெச்சது யாரு?

ரெண்டு நாள். நாலு மாசமா அவர் ஒவ்வொரு ஒயரா பின்னி, டேப் சுத்தி, லேபிள் ஒட்டிச் செஞ்ச வயரிங்கைப் பிளேடால கீறிக் கீறிப் பிரிச்சார். ரிலேவை மாத்தினார். எர்த்தை மாத்தினார். மெஸ்ஸுக்கு வரலை. நான் பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சேன். சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். 'லோன் போட்டு, அப்பா தோட்டத்துல நின்னு படிக்க வைக்கிறாரு, டீம்ல இருந்து தூக்கிட்டா?'ன்னு உள்ளே போயிடும்.

ரெண்டாவது நாள் ராத்திரி அப்பா போன் பண்ணினாரு. தோட்டத்துல கிளாம்ப் கழண்டு ஓஸ் பிடுங்கி, தண்ணியெல்லாம் ஓடையில போயிடுச்சாம். "யாருப்பா கட்டினது?"ன்னேன். "நான்தான். மேஸ்திரிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். இல்லன்னா புதுசா வந்த பையனைத்தான திட்டுவாக"ன்னு சாதாரணமா சொல்லிட்டு, "சாப்பிட்டியா?"ன்னாரு. நான் சாப்பிடலை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அண்ணன் தரையில ஒயர்களுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தார். "பம்ப்பைப் போடுங்கண்ணா"ன்னேன். போட்டார். 1.7. ஒரு துணியைச் சுத்தி, கட்டிங் பிளேயரால ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு நொடி நெரிச்சேன். முள்ளு நாலைத் தாண்டி எகிறுச்சு. உடனே விட்டேன்.

இது பத்து செகண்ட் டெஸ்ட். திரும்பிப் போற வழியை அடைச்சதும் பிரஷர் ஏறினா பம்ப்பும் நல்லா இருக்கு, கரண்ட்டும் நல்லா வருதுன்னு அர்த்தம். கோளாறு ரெகுலேட்டர்ல. இந்த டெஸ்ட் எனக்கு ரெண்டு நாளா தெரியும்.

"உங்க வயரிங் நல்லா இருக்குண்ணா. லாக் நட்டை நான் இறுக்கலை. லாரியில வெச்சுதான் இறுக்கினேன்."

அவர் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அந்த ஒயர்களையே பார்த்தார். "ரெண்டு நாளா தூங்கலடா நான்"னார். அப்புறம் ஆலன் கீயை எடுத்து என் கையில வெச்சார். "மூணு வை. இறுக்கு. நான் பார்க்கணும்."

வெச்சேன். இறுக்கினேன். கை நடுங்குச்சு. பிரேக் டிபார்ட்மென்ட் பொண்ணுகிட்ட நெயில் பாலிஷ் வாங்கிட்டு வரச் சொன்னார். ஸ்க்ரூ, நட்டு, ரெகுலேட்டர் தலை மூணையும் தொடுற மாதிரி ஒரே சிவப்புக் கோடு போட்டார். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்திடும். அன்னைக்கு அவர் என்கிட்ட வேற எதுவும் பேசலை. விடிய விடிய ரெண்டு பேரும் உட்கார்ந்து வயரிங்கைத் திரும்பச் சுத்தினோம்.

என்னை டீம்ல இருந்து தூக்கலை. இன்னைக்கு எங்க வண்டியில எந்த முக்கியமான நட்டைப் பார்த்தாலும் சிவப்புக் கோடு இருக்கும். கோடு போட்டவன் பேர் நோட்டுல இருக்கும்.

அடுத்த வருஷம் எண்டூரன்ஸ் முடிச்சிருப்போம்னு எதிர்பார்ப்பீங்க. இல்லை பாஸ். மூணு ரவுண்டு மிச்சமிருக்கும்போது செயின் அறுந்தது. வண்டி பிட்டுக்குக்கூட வந்து சேரலை. அதுக்குள்ள ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணா... செயின் லாக் நான்தான் போட்டேன். கிளிப்பைத் திருப்பிப் போட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்குண்ணா."

எனக்கு அந்த லாரியும் ஸ்பேனரும் ஞாபகம் வந்தது. இவன் ரெண்டு நிமிஷத்துல செஞ்சதைச் செய்ய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

"சரி, வா. போய் பார்க்கலாம்"னேன். வண்டி வந்ததும் பேனலைத் திறந்தோம். செயின் தொங்கிக்கிட்டு இருந்தது. பக்கத்துல சிவப்புக் கோடு உடையலை. பம்ப்பைப் போட்டுப் பார்த்தேன்.

கரெக்ட்டா மூணு பார்.